இன்ஜின் ஆறட்டும்

பழைய விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கப் பார்க்கப் போனால், வெர்னா திபோ வண்டியை விட்டு இறங்கியதும் நேராக இயந்திரத்திடம்தான் போவார். விற்கிறவர் கையை நீட்டிக்கொண்டு எதிரே வருவார். அவர் மனைவி சமையலறை சன்னலில் நின்று பார்ப்பார். நாய் காலைச் சுற்றும். வெர்னா ஒருவரையும் கண்டுகொள்ளமாட்டார். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இன்ஜின் குளிர்ந்திருந்தால் கண்ணைத் திறந்து, "நான் வெர்னா" என்று விற்கிறவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். சூடாக இருந்தால் கையுறையை மறுபடி மாட்டிக்கொள்வார்.

"காலையிலயே ஓட்டிப் பாத்துட்டீங்களா கண்ணு?"

"ஆமா, சும்மா ஒரு தடவ. சரியா ஓடுதான்னு..."

"சரி. அப்ப நாங்க கெளம்புறோம்."

அவ்வளவுதான். நாற்பது மைல் ஓட்டி வந்திருந்தாலும் சரி, மழையில் நனைந்து வந்திருந்தாலும் சரி, பேச்சு முடிந்தது. வெர்னா யாரையாவது 'கண்ணு' என்று கூப்பிட்டால் அவர் பொருள் அன்று விலை போகாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பழைய விறகு பிளக்கும் இயந்திரத்தில் சுலபமாக மறைக்கக்கூடிய நோய் குளிரில் கிளம்பாமல் அடம்பிடிப்பது. காலையில் அரை மணி நேரம் ஓட்டி வைத்துவிட்டால், வாங்க வந்தவர் முன்னால் சமர்த்தாக ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள்தான் அதன் குணம் தெரியும். எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் அப்படி ஏமாந்தவர்களை ஒரு தேவாலயத்தில் உட்கார வைத்தால் பின்வரிசைக்காரர்கள் நிற்க வேண்டியிருக்கும். நானும் நின்றிருப்பேன்.

இந்த வித்தை அவருக்குப் பேருந்தில் வந்தது. வெர்னாவுக்கு அறுபத்தேழு வயது. இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஜனவரி விடியற்காலையில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில், அந்த மஞ்சள் வண்டியை எழுப்புவது அவர் வேலை. குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டாராம். மனிதர்களைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை.

இன்ஜின் குளிர்ந்திருந்தால் அடுத்த பரிசோதனைகள் ஆரம்பிக்கும். எண்ணெய் அளவுகோலை உருவி வெளிச்சத்தில் பிடிப்பார். எண்ணெய் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆப்பைக் கட்டைக்குள் தள்ளும் இரும்புத் தண்டின் மேல் கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுவார். நகம் எங்காவது தட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, எண்ணெய் ஒழுகப் போகிறது. பிறகு, பக்கவாட்டில் தொங்கும் கயிற்றைப் பிடித்துச் சுண்டி இழுத்து இன்ஜினைக் கிளப்புவார். கயிற்றை வேறு யாரையும் இழுக்க விடமாட்டார். இப்போது வரும் புது இயந்திரங்களில் சாவி இருக்கிறது. அவற்றை வெர்னா மதிப்பதில்லை. "சாவியத் திருகினா இன்ஜின் என்ன சொல்லுதுன்னு கைக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

கடைசியாக வருவது எல்ம் கட்டை. விற்கிறவர்கள் எப்போதும் ஆஷ் மரத்துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். காய்ந்த, நேரான, கணு இல்லாத துண்டு. அது முறைத்துப் பார்த்தாலே பிளந்துவிடும். வெர்னா அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து சொந்தக் கட்டையைத் தூக்கி வருவார். எல்ம் மரத்தின் கவைத்துண்டு. இரண்டு கிளை பிரிகிற இடம், நார் நாராகப் பின்னிக்கொண்டு, கோடாரியைக் கடித்துப் பிடித்துக்கொள்கிற சாதி. எங்கள் சாலையோரம் செத்து நிற்கும் எல்ம் மரங்களிலிருந்து இதற்கென்றே அறுத்து வைத்திருப்பார். ஆப்பு அதற்குள் இறங்கும்போது இன்ஜின் திணறி, தலை குனிந்து, ஆனால் நிற்காமல் மறுபக்கம் வந்துவிட்டால் வெர்னா தலையாட்டுவார்.

"மோசமில்ல."

இங்கே அதற்கு மேல் பாராட்டு கிடையாது. என் திருமணத்தன்று என் அப்பா சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான். வெர்னா 'மோசமில்ல' என்று சொன்ன இயந்திரத்தை ஊரில் யோசிக்காமல் வாங்குவார்கள். பிளந்த எல்ம் இரண்டு பாதியும் வாங்கியவருக்கு. அந்த வீட்டின் முதல் விறகு அதுதான். இதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. சர்க்கரை தூவிய டோனட் இரண்டு வாங்கிக் கொடுத்தால் போதும். ஒன்றை அங்கேயே தின்றுவிட்டு மற்றதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பையின் நிலைமையை நான் பார்த்திருக்கிறேன், வர்ணிக்க விருப்பமில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இயந்திரம் தேடியபோது மூன்றை நிராகரித்தார். மூன்றாவதற்கு நான் ஆசைப்பட்டு, சிவப்புச் சாயத்தில் மயங்கி, கிட்டத்தட்டப் பேசி முடித்துவிட்டேன். "ஆல்டன், நீ மிஷினப் பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?" என்று விற்கிறவர் முன்னாலேயே கேட்டார். நான்காவதாக வாங்கிய பச்சை இயந்திரம் இன்றுவரை ஓடுகிறது. மயங்கிச் செய்த கல்யாணம்தான் ஓடவில்லை. அதற்கு வெர்னாவை நான் கூட்டிப் போகவில்லை.

இப்படிப் பத்தொன்பது வீட்டுக்குத் தேர்ந்து கொடுத்தவர், தனக்கென்று ஒன்று வாங்கியதே இல்லை. எட்டு பவுண்டுக் கோடாரியும் ஒரு மேப்பிள் அடிக்கட்டையும்தான் அவருடைய தொழிற்சாலை. "கோடாரிக்கு எண்ணெய் மாத்த வேண்டாம். காலையில இருமாது" என்பார். வருடா வருடம் வசந்தத்தில் ஒரு லாரி வந்து முழுநீள மரங்களை அவர் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போகும். அறுத்து, பிளந்து, அடுக்கி, ஆகஸ்டுக்குள் எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அவர் வீட்டில் அடுப்பு ஒன்றுதான். சமையலும் வெந்நீரும் குளிர்காலமும் அதிலேயே. பிளந்த விறகை விலைக்கு வாங்குவது கோடைக்கு வந்து போகிறவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி.

இந்தப் பிப்ரவரியில் பேருந்தின் படியில் பனிக்கட்டி சறுக்கி வலது தோளை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்தது. பேருந்தை இலையுதிர் காலம் வரை வேறொருவர் ஓட்டுவது என்று ஆயிற்று. மகன் கிளேட்டன் தெற்கே கனெக்டிகட்டிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினான். நல்ல பையன், அதுதான் சிக்கல். குளிர்காலத்துக்கு அம்மா தன்னுடன் வந்துவிட வேண்டும், மாடியறையைத் தயார் செய்துவிட்டோம் என்றான். "விறக அடுக்கிட்டேன்னு வை, அப்பறம் எதுக்கு வரணும்?" என்றார் வெர்னா. "அடுக்கலைன்னா?" என்று அவன் கேட்டான். "அடுக்கலைன்னா வர்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

லாரி வழக்கம்போல் வந்தது. மரங்களை அறுத்துக் கொடுக்க மட்டும் என்னை அனுமதித்தார். ஏப்ரல் முடிவில் முற்றத்தில் ஆள் உயரத்துக்கு உருளைக் கட்டைகள் குவிந்து கிடந்தன. மே மாதம் பாதி போயும் ஒரு கட்டை பிளக்கப்படவில்லை. எங்கள் மண்சாலையில் போகிற எல்லாருடைய கண்ணிலும் அந்தக் குவியல் பட்டது. இங்கே ஒரு வீட்டின் நலத்தை விறகைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். தபால்காரர் பார்த்தார், பாதிரியார் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

"என் மிஷின இழுத்துட்டு வந்து போடட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு? எனக்கு என்ன கேடு?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மா இருந்தா உன் வீட்டுக் கூரையப் பாரு. ஓடு கழண்டு தொங்குது."

நான்கு நாள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "சனிக்கிழமை வேல இருக்கா? ஒரு மிஷின் பாக்கப் போகணும்."

"யாருக்கு?"

"தெரிஞ்ச ஒருத்திக்கு."

தெரிந்த அந்த ஒருத்திக்காக நாங்கள் மே மாதத்தில் நான்கு இயந்திரம் பார்த்தோம். நான்கும் குளிர்ந்திருந்தன. நான்கையும் வெர்னா தள்ளிவிட்டார். ஒன்றின் சக்கரம் பிடிக்கவில்லை. ஒன்றின் சத்தம் அவர் நாத்தனாரை ஞாபகப்படுத்தியதாம். மூன்றாவது, என் கண்ணுக்கு என்னுடையதைவிட நல்லது. அதையும் வேண்டாம் என்றார். இரண்டு விஷயம் எனக்கு உறுத்தியது. அதுவரை தானே இழுத்த கயிற்றை இப்போது, "நீ இழு ஆல்டன், எனக்குச் சத்தம் கேக்கணும்" என்று என்னிடம் விட்டார். அப்புறம், விற்கிறவர்களிடம் ஒரு புதுக் கேள்வி கேட்டார்: "இது செங்குத்தா நிக்குமா?"

சில இயந்திரங்களை நிமிர்த்தி வைக்கலாம். அப்போது கட்டையைத் தூக்கி மேலே வைக்க வேண்டாம், தரையில் உருட்டிவிட்டாலே போதும். அந்த வசதியை வெர்னா இருபது வருடமாக, "சோம்பேறிக்குக் கட்டில் போட்ட மாதிரி" என்று கிண்டல் செய்தவர். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சக்கரத்தின் காற்றைச் சோதிப்பதுபோல் குனிந்துகொண்டார். யாருக்கு இயந்திரம் என்று அன்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் எதுவும் சரிப்படவில்லை என்றும் தெரிந்தது. எந்த இயந்திரமானாலும் அந்தக் கயிற்றை இழுத்தாக வேண்டும். அவரால் முடியாது. அதைச் சொல்வதற்குப் பதிலாக இயந்திரங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் முதல் வாரம், கருப்பு ஈக்கள் காதைப் பிடுங்குகிற காலையில், ஐந்தாவதைப் பார்க்கப் போனோம். விற்கிறவர் பெயர் லூசில் கிரெண்டல். எழுபது தாண்டிய ஒல்லியான பெண்மணி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் ஈ அண்டாமலிருக்க ஒரு வலை. வெர்னா வழக்கம்போல் இறங்கி, அவரைத் தாண்டிப்போய், கையுறையைக் கழற்றி, கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"நல்லா சுடுதே கண்ணு."

"ஓடிட்டிருந்துச்சு" என்றார் லூசில்.

"தெரியுது. வா ஆல்டன்."

நாங்கள் வண்டிக் கதவைத் திறந்துவிட்டோம். பின்னாலிருந்து லூசிலின் குரல் வந்தது. கெஞ்சலாக இல்லை, கோபமாக இருந்தது.

"மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல. என் கையிலதான் குத்தம்."

கையுறையைக் கழற்றிக் காட்டினார். விரல் கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"குளிர்ந்து கெடந்தா என்னால இழுக்க முடியாது. பக்கத்து வீட்டு ஆளு வேலைக்குப் போறப்ப, ஆறு மணிக்கு வந்து கெளப்பி விட்டுட்டுப் போனாரு. அதுலேருந்து ஓட விட்டேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டப்பதான் நிறுத்துனேன். சூடா இருந்தா மெதுவா இழுத்தாலே வந்துரும், அது எனக்கு முடியும். விக்கிறவளே கெளப்ப முடியலன்னா யாரு வாங்குவா? நாலு பேர் முன்னாடி இழுத்து இழுத்துத் தோத்து நிக்கச் சொல்றீங்களா?"

வெர்னா வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார். இருபத்தெட்டு வருடம் குழந்தைகளை ஏற்றி இறக்கியவர், யாருக்கும் காத்திருக்காதவர். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, ஈ என்னை நாலு இடத்தில் கடித்துவிட்டது. பிறகு கதவைச் சாத்தினார். திரும்பி நடந்துபோய் ஒரு அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"இன்ஜின் ஆறட்டும்" என்றார்.

"ஒன்னர மணி நேரம் ஆகும்" என்றார் லூசில்.

"ஆகட்டும்."

லூசில் காபியும், ருபார்ப் என்கிற தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரமும் கொண்டுவந்தார். புளிப்பும் இனிப்புமாக, விளிம்பு கருகி, மோசமில்லாத பலகாரம். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு பெண்களும் இயந்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், ஆஸ்பத்திரியில் யாரோ கண் விழிக்கக் காத்திருப்பவர்களைப்போல.

"எந்தத் தோளு?" என்று லூசில் திடீரென்று கேட்டார்.

"என்ன தோளு?"

"காபிய எடக் கையால வாங்குனீங்க. குடிக்கிறதும் அதுலதான். பாதி சிந்திட்டீங்க."

வெர்னா என்னைப் பார்த்தார். நான் பலகாரத்தில் கவனமாக இருந்தேன்.

"வலது" என்றார்.

"மிஷின் யாருக்குன்னு சொன்னீங்க?"

"தெரிஞ்ச ஒருத்திக்கு."

"பிடிவாதக்காரியோ?"

"கொஞ்சம்."

"என்னை மாதிரியா?"

"உங்கள விட மோசம். நீங்க சொல்லிட்டீங்க, அவ இன்னும் யாருகிட்டயும் சொல்லல."

"இப்ப சொல்லிட்டாளே" என்றார் லூசில், இன்னொரு துண்டு பலகாரத்தை அவர் தட்டில் வைத்தபடி.

நான் என் தட்டில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெர்னா எழுந்துபோய் மறுபடி கையை வைத்தார். கண்ணை மூடினார். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, கயிற்றின் பிடியை எடுத்து என்னிடம் கொடுத்தார். சத்தம் கேட்க வேண்டும் என்று இந்த முறை சொல்லவில்லை. "என்னால முடியாது ஆல்டன். நீ இழு" என்றார். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேன் நிறம். நகம் தண்டில் எங்கும் தட்டவில்லை. இயந்திரத்தை நிமிர்த்தினோம். வெர்னா எல்ம் கவையை வண்டியிலிருந்து தூக்கவில்லை. என்னை இறக்கச் சொல்லி, பூட்ஸ் காலால் உருட்டிக்கொண்டு வந்து ஆப்புக்கு அடியில் நிறுத்தினார். இடது கையால் நெம்புகோலைத் தள்ளினார். கவை முனகியது, நார் கிழிந்தது, இன்ஜின் தலை குனிந்தது. ஆப்பு தரையைத் தொட்டது.

"மோசமில்ல" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பணம் கொடுத்து, இயந்திரத்தை வண்டிக்குப் பின்னால் மாட்டிப் புறப்படும்போது வெர்னா வழக்கத்தை மீறினார். எல்ம் பாதிகளில் ஒன்றை மட்டும் வண்டியில் போடச் சொல்லிவிட்டு மற்றதை லூசிலின் வாசலில் விட்டார். லூசில் அதைக் கதவுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு நான் வெர்னா வீட்டில் இருப்பேன். இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது, கயிற்றை இழுப்பது, இரண்டும் என் வேலை. பிறகு அவர் நெம்புகோலில் நிற்பார், நான் கட்டைகளை உருட்டித் தருவேன், பிளந்ததை அடுக்குவேன். இடையில் காபி, டோனட், என் அடுக்கைப் பற்றிய ஏச்சு. "என்ன இது, குடிகாரன் பல்வரிச மாதிரி? எடுத்து மறுபடி வை." தனியாள் வீட்டில் சனிக்கிழமை எவ்வளவு நீளமானது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தக் காலைகள் மிகவும் பிடித்திருந்தன. குவியல் ஆள் உயரத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியது, ஜூலையில் முழங்காலுக்கு வந்தது. தபால்காரர் வண்டியை நிறுத்தி, "நல்ல காத்து, சீக்கிரம் காஞ்சிரும்" என்றார். விறகு என்ன ஆயிற்று என்று கிளேட்டன் தொலைபேசியில் கேட்டபோது வெர்னா வாசல் கதவைத் திறந்துவைத்து, இயந்திரச் சத்தத்தை அவன் காதுக்குப் பிடித்தார்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை போனபோது இருபது, முப்பது கட்டைதான் மிச்சம் இருந்தது. இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தது. வெர்னா அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இரண்டு கோப்பைக் காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தட்டில் இரண்டு டோனட். அடுக்கின் ஓரத்தில் அப்போதுதான் பிளந்த மேப்பிள் துண்டுகள் ஏழெட்டு, ஈரம் காயாமல், வெள்ளையாகக் கிடந்தன. போன வாரம் அவை அங்கே இல்லை.

நான் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்தேன். நன்றாகச் சுட்டது.

வெர்னாவைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் விரிந்திருந்த இடது உள்ளங்கையில் குறுக்காகக் கயிறு அறுத்த சிவப்புக் கோடு ஒன்று இருந்தது, அதற்குக் கீழே கொஞ்சம் பழைய கோடு ஒன்று. நான் பார்ப்பதை உணர்ந்து அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டார். எழுந்து வந்தார். வலது கையை மெல்ல, தோள் அனுமதித்த அளவுக்கு உயர்த்தி, கயிற்றின் பிடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கல்லு மாதிரி குளிர்ந்து கெடக்கு" என்றார். "இழு."

அவர் போட்ட சட்டப்படி நான் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்க வேண்டும். பிடியை வாங்கிக்கொண்டேன். முதல் தடவை, பிடித்துக்கொள்ளாதபடி, வேண்டுமென்றே மெதுவாக இழுத்தேன்.

"ஆமா" என்றேன். "ரொம்பக் குளிர்ந்துதான் இருக்கு."

வெர்னா பைக்குள்ளிருந்த கையால் ஒரு டோனட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த நூலை ஊதிவிட்டு, தட்டில் இருந்த இரண்டோடு மூன்றாவதாக என் பக்கம் வைத்தார்.